குதிகால் தேய்த்த கல்

தேவாரம் ஊரில் எங்கள் வீட்டுக்கும் ராக்கையா வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவர் காறித் துப்புவது எங்கள் அடுப்படி வரை கேட்கும். லாரியில் வாழைத்தார் ஏற்றி இறக்குவது அவருடைய தொழில். குதிகால் இரண்டும் வெடித்து, வெடிப்புக்குள் அழுக்கு கறுப்பாக இறங்கியிருக்கும். வேலை முடிந்து வந்ததும் வாசல் தொட்டியோரம் உட்கார்ந்து ஒரு கல்லால் தேய்ப்பார். உரிந்த தோல் மாவு மாதிரி தண்ணீரில் கரைந்து எங்கள் வாசல் சாக்கடைக்கு வரும். அதைப் பார்த்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

சேதுக்கரைப் பக்கம் லோடு கொண்டுபோனபோது கடலோரத்தில் ஒதுங்கிக் கிடந்த கல் அது. சாம்பல் நிறம், உடம்பெல்லாம் பொத்தல். ஒருநாள் கை நழுவித் தொட்டியில் விழுந்து, மூழ்காமல் மிதந்தது.

“ஏ சங்கிலி, இங்கன வந்து பாரு!” என்று மனைவி சங்கிலியம்மாளைக் கூப்பிட்டார்.

அந்த அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “மிதந்தா மிதக்கட்டும். மொதல்ல காலைக் கழுவிட்டு உள்ள வாரும்” என்றது.

சில மாதத்தில் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டு சுமை தூக்க முடியாமல் போயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமையே கல்லுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துப் பித்தளை அண்டாவில் மிதக்க விட்டார். சேதுவிலிருந்து தன்னைத் தேடி வந்த சாமிக் கல் என்று சொன்னார். வேண்டுதல் உள்ளவர்கள் தங்கள் கையாலேயே கல்லை எடுத்து அண்டாவில் விட வேண்டும். மிதந்தால் வேண்டியது பலிக்கும். பிறகு தட்டில் காணிக்கை போட்டுவிட்டு அந்தத் தண்ணீரை ஒரு கை குடிக்க வேண்டும். கல் யாருக்குத்தான் மிதக்காது? எல்லோரும் சந்தோஷமாகப் போனார்கள். எனக்குத்தான் குமட்டியது.

நான் வேலை பார்க்கும் போடி பஜார் கடையில் இதே கல்லைக் கூடையில் போட்டு, கால் தேய்க்க விற்கிறோம். முதலாளி சுகிர்தம் அக்கா அது எரிமலைக் கல் என்றார். எரிமலைக் குழம்பில் காற்று அடைந்து கிடக்குமாம். வெளியே பீறிட்டு வரும்போது சோற்றுக்கஞ்சி மாதிரி நுரைத்து, அடங்குவதற்குள் ஆறி, நுரையாகவே இறுகிவிடுமாம். அதனால்தான் கல்லுக்குள் அத்தனை பொத்தல், அத்தனைக்குள்ளும் காற்று. பொத்தலின் சுவர்கள் கண்ணாடி மாதிரி கூர்மையானவை. தோலைச் சுரண்டுவது அதுதான். அதே குழம்பு காற்றை விட்டுவிட்டு மெதுவாக ஓடி ஆறினால் கனத்த கறுப்புக் கல்லாகிவிடும். நம் பக்கத்து மலைகளில் இந்த நுரைக்கல் கிடையாது, எங்கோ கடலுக்கு அப்பால் எரிமலை வெடித்து மிதந்து வந்து கரை சேர்வது என்றார்.

“ரொம்ப நாள் தண்ணியில கெடந்தா பொத்தலுக்குள்ள தண்ணி ஏறி முங்கிரும். வெயில்ல நல்லாக் காஞ்சா திரும்ப மிதக்கும்” என்றும் சொன்னார்.

ராக்கையாவின் கல் மிதந்துகொண்டே இருந்ததற்குக் காரணம் சங்கிலியம்மாள் அக்காதான். பாசி பிடித்து வழவழவென்று இருப்பதைப் பொறுக்காமல், வெள்ளி முடிந்ததும் கல்லைக் கழுவித் தகரக் கூரை மேல் போட்டுவிடும். அக்கா தன் மகள் பிரசவத்துக்காக ஜெயமங்கலம் போன பிறகு, சாமியை வெயிலில் போடுவது பாவம் என்று ராக்கையா கல்லைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார். அண்டாவின் உள்பக்கம் பச்சை படிந்தது. கல்லும் நாளுக்கு நாள் தாழ்ந்து வந்தது.

சுவருக்கு இந்தப்பக்கம் நின்று, “அண்ணே, ஊறுனா முங்கிரும். காயப் போடுங்க” என்று சொல்லிப் பார்த்தேன்.

“சாமியக் காயப் போடணுமோ? போயி வாயைக் கழுவு.”

அந்த வெள்ளிக்கிழமை காமயகவுண்டன்பட்டியிலிருந்து பாண்டீஸ்வரி வந்தாள். கல்யாணமாகி வருஷக்கணக்கில் பிள்ளையில்லை. கூடவே புருஷன் ஈஸ்வரபாண்டியும் மாமியாரும். முழங்கால் வலிக்கு நல்லது என்று மாமியார் முதலில் இரண்டு கை தண்ணீர் அள்ளிக் குடித்தாள். பாண்டீஸ்வரி கல்லை எடுத்துக் கண்ணில் ஒற்றி அண்டாவில் விட்டாள். கல் ஒரு குமிழி விட்டு அடியில் போய் உட்கார்ந்தது.

“பாத்தியாடா? நான் சொன்னாத்தான் கேக்க மாட்ட. கல்லே சொல்லிருச்சு” என்றாள் மாமியார். “இவள அங்கன அவ அப்பன் வீட்டுல எறக்கி விடு. வேற எடம் பாக்கணும்.”

வாசலில் கூடி நின்ற நாங்கள் எல்லோரும் ராக்கையாவைப் பார்த்தோம். ஊறியதால் மூழ்கியது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “வீட்டுக்கு விலக்கா இருக்கும்போது தொட்டிருப்பா. சாமி கோவிச்சுக்கிருச்சு” என்றார்.

அத்தனை ஆண்கள் நடுவில் பாண்டீஸ்வரி, “இல்லைங்கய்யா… சத்தியமா இல்லைங்க” என்று முந்தானையை இறுக்கிக்கொண்டாள். சாக்கடையில் வந்த தோல் மாவு கூட எனக்கு அவ்வளவு அருவருப்பாக இருந்ததில்லை.

காலையில்தான் ஊரிலிருந்து வந்திருந்த சங்கிலியம்மாள் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது. அண்டாவுக்குள் கையை விட்டுக் கல்லை எடுத்து மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தது.

“நான் போனதுலருந்து இதக் காயவே போடலையா?”

“நான் அவுககிட்டச் சொன்னேன்க்கா. ஊறுனா முங்கும்னு” என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அக்காவுக்குக் கேட்டுவிட்டது.

“கேட்டீராய்யா? தெரிஞ்சுக்கிட்டேதான் இந்தப் பிள்ளைய அசிங்கப்படுத்துறீரா? குதிகால் தேச்ச கல்ல வச்சுப் பொழைக்கிறதுக்கு ஒமக்கு இந்தப் பேச்சு வேறயா?”

மாமியார் திரும்பினாள். “எதத் தேச்ச கல்லு?”

“இந்தா, இவரு காலைத்தான். நல்லாப் பாத்துக்க ஆத்தா.”

ராக்கையா காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார். வெடிப்பு அப்படியேதான் இருந்தது. மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சாக்கடைக்கு ஓடினாள். குடித்தது எல்லாம் வந்தது.

பாண்டீஸ்வரி என்னிடம், “அக்கா, சோப்பு இருக்கா?” என்று கேட்டாள். எங்கள் குழாயடியில் நின்று முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிறகு புருஷனிடம் சொன்னாள்:

“ஒங்க ஆத்தாளுக்குக் கடையில தண்ணி பாட்டில் வாங்கிட்டு வாங்க. நான் எங்கப்பன் வீட்டுக்குப் போகல. நம்ம வீட்டுக்குத்தான் வருவேன்.”

அவன் ஓடிப் போய் வாங்கி வந்தான். டவுன் பஸ்ஸில் மூவரும் ஒன்றாகத்தான் ஏறினார்கள். மாமியார் ஜன்னலோரத்தில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, மருமகள் தோளில் சாய்ந்திருந்தாள்.

ராக்கையா திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். மறுவாரம் எங்கள் கடைக்கு வந்து, கூடையில் கிளறி, அதே மாதிரி இரண்டு கல் வாங்கிப் போனார். இப்போது ஒன்று மிதக்கும்போது மற்றவை காய்கின்றன. கூட்டமும் வருகிறது. சங்கிலியம்மாள் அக்கா மட்டும் குடிக்கத் தண்ணீர் எங்கள் குழாயில்தான் பிடிக்கிறது.