தானாக இறுகிய திருகாணி

சற்குணம் அண்ணருக்குத் தொழில் பேருந்து கழுவுவது. ஆனால் நாங்கள் குடியேறிய குளிர்நாட்டில், புருசெத் என்ற ஊரில், எங்கள் மாடிக் கட்டடத்து முற்றத்தில் யாருடைய கார் இருமினாலும், கேளாமலே வந்து மூடியைத் திறந்துவிடுவார். அப்படிப்பட்டவரின் சொந்தக் காருக்கே 2003 ஒக்ரோபரில் ஒரு வருத்தம் வந்தது.

பதினாறு வயதுக் கிழட்டுக் கார். எக்ஸிலேற்றரை மிதிக்காமல் நிற்கும்போது இயந்திரம் நிமிடத்துக்கு எண்ணூறு சுற்றில் அமைதியாக ஓட வேண்டும். அதுவோ ஆயிரத்தைந்நூறில் நின்று உறுமியது. எங்கோ காற்று ஒழுகுகிறது என்று ரப்பர் குழாய்களின்மேல் தண்ணீர் விசிறிப் பார்த்தார். சத்தம் மாறவில்லை. எக்ஸிலேற்றர் கம்பியும் எங்கும் சிக்கியிருக்கவில்லை. கடைசியில் கார்பரேட்டரில் உள்ள சின்னத் திருகாணியைத் தளர்த்தி எண்ணூறுக்குக் கொண்டுவந்தார். அடுத்த வாரம் பழையபடி உறுமல். மூன்று முறை இதே கதை.

உண்மையான அவசரம் அவர் மனைவி உதயகுமாரி அக்காவுக்கு. வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் நிரந்தர வேலை ஒன்று அவருக்காகக் காத்திருந்தது. சாரதிப் பத்திரம் கட்டாயம். மேட்டில் காரை எடுக்கும்போது இயந்திரம் நின்று நின்றே இரண்டு முறை சோதனையில் தவறிவிட்டார். நவம்பர் கடைசியில் மூன்றாம் முறை. அதற்குமேல் அந்த வேலை காத்திருக்காது. பழகுவதோ இதே காரில், பக்கத்தில் அண்ணர்.

அதிர்வில் திருகாணி நகர்கிறது என்று முடிவுகட்டிய அண்ணர், அதன் தலையில் வெள்ளைப் பெயின்ற்றால் கோடு ஒன்று போட்டார். அடுத்த சனிக்கிழமை பின்னேரம் என்னை ரோர்ச் வெளிச்சம் பிடிக்கக் கூப்பிட்டார். பன்னிரண்டு வருடமாக அது அக்காவின் வேலை. அன்று அவர் இன்னும் வேலை முடிந்து வரவில்லை.

கோடு அரைச் சுற்று நகர்ந்திருந்தது.

“பிலேந்திரன், இது கழரேல்லை, இறுகியிருக்கு. ஆணி தானாக் கழரும். தானா இறுகின ஆணியை எங்கையாவது கண்டனியோ?”

நான் காணவில்லை. அது எந்தத் திருகாணி என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர்: அவரும், வழக்கமாக ரோர்ச் பிடிப்பவரும். வாயைத் திறந்து வம்பை விலைக்கு வாங்க எனக்கு விருப்பமில்லை. அதற்குள் அக்காவே பையோடு வந்துவிட்டார்.

“உதயா, நீர் இதிலை கை வைச்சனீரோ?”

“ஓம். கூட்டி வைச்சால் மேட்டிலை நிக்காது.”

“சோதினைக்குப் போறது ட்ரைவிங் ஸ்கூல் காரிலை. அங்கை ஆர் உமக்குக் கூட்டி வைக்கிறது?”

“அது எனக்கும் தெரியும். ஆனால் கார் நிண்டால் நீங்கள் ‘ச்சு’ எண்டுவியள். அதைக் கேட்டால் கால் நடுங்கி அடுத்த தரமும் நிக்கும். கொஞ்ச நாளைக்கு அந்த ‘ச்சு’ இல்லாமல் ஓடிப் பாப்பம் எண்டுதான்.”

மறுத்துச் சொல்ல அண்ணர் வாயெடுத்தார். வந்தது ‘ச்சு’தான். நானும் அக்காவும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் முகம் சுருங்கிப்போனது. எனக்குப் பாவமாகவும் இருந்தது.

திருகாணியை எண்ணூறுக்கு இறக்கினார். மறுநாள் அக்கா ஓட்டிப் பழகும்போது கார் ஏழு முறை நின்றதாம். ஏழு முறையும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாராம். வாய் சும்மா இராத மனிதருக்கு அது பெரிய தவம். மூன்று வாரம் அந்தத் தவத்தைக் குலைக்காமல் இருந்தார்.

சோதனை நாளன்று நாங்கள் இருவரும் முற்றத்தில் குளிரில் காத்து நின்றோம். அக்கா சிரித்துக்கொண்டே வந்தார். சோதனையில் சித்தியடைந்துவிட்டார்.

“மேட்டிலை நிண்டதோ?” என்றார் அண்ணர்.

“ஒருக்கா நிண்டது. பக்கத்திலை இருந்த சோதினைக்காரர் ஒண்டும் சொல்லேல்லை. இந்த மூண்டு கிழமையா நீங்கள் இருந்த மாதிரியே இருந்தார். நானும் ஆறுதலாத் திருப்பி எடுத்தன்.”

அண்ணருக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்து பார்க்காமல் தன் காரை வேறொருவர் கையில் விடாத மனிதர், சாவியை அக்காவிடம் நீட்டினார். “ஸ்ட்ரோம்மன் ஊருக்கு விடும், பாப்பம்,” என்று சொல்லிவிட்டுப் பின் இருக்கையில் ஏறிக்கொண்டார்.