நான் வைத்த சூடு

என் மனைவி ஜெயந்தியின் முன்கையில் பழுக்கக் காய்ச்சிய கரண்டியை வைத்து அழுத்தியவன் நான்தான். கொதிக்கும் பால் கொட்டிவிட்டது என்று ஒன்பது வருடமாக ஊருக்குச் சொல்லி வருகிறோம். பொய்!

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் தரம் பிரிப்பவன் நான். மேஜையில் விரித்த மாட்டுத்தோலை ஒருமுறை தடவினால் போதும். இது உண்ணி கடித்தது, இது முள் கிழித்தது, இது சூடு போட்டது என்று சொல்லிவிடுவேன். அந்தக் கர்வம் எனக்கு ஜாஸ்தி.

எங்கள் மகள் நிலா பிறந்த பத்தாம் நாள், விடிந்ததும் அவளுக்கு வலிப்பு வந்து நின்றது. "சூடு போட்டா மறுபடி வராது" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. கூடாது, சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அதட்டிவிட்டு வேலைக்குப் போனேன். ஆம், அப்போதும் வேலைதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

திரும்பி வந்து பார்த்தால்... குழந்தையின் தொடையிலிருந்து கணுக்கால் வரை, கம்பியால் இழுத்ததுபோல் வரிசையாகக் கொப்புளங்கள்!

"யாருடி சூடு போட்டது?"

"சத்தியமா யாரும் போடலங்க. துணி மாத்தசொல்ல பாத்தேன், தானா எழும்பி இருக்குது."

"தானா வருமா? தோலைப் பத்தி எனக்கே சொல்றியா?"

அறைந்தேன். சுவரில் மோதி விழுந்தாள். முடியைப் பிடித்துத் தூக்கி மறுபடியும் அறைந்தேன். கரண்டியை அடுப்பில் வைத்தேன்... கரண்டி சிவக்க நேரமாகும், தெரியுமா உங்களுக்கு? அத்தனை நேரமும் எனக்குப் புத்தி வரவில்லை. ஆத்திரம் கண்ணை மறைத்தது என்று சொல்லி நான் தப்பிக்க முடியாது.

"கொழந்தைக்கு எப்டி இருந்திருக்கும்னு நீயும் பாரு!" என்று அழுத்தினேன்.

மறுநாள் வேலூரில் டாக்டரம்மா நிலாவின் காலைப் பார்த்தார். "இது சூட்டுக்காயமே இல்ல. இன்கான்டினென்ஷியா பிக்மென்டி. அபூர்வமான மரபணுக் கோளாறு" என்றார். கருவில் தோல் வளர்ந்த பாதையிலேயே கொப்புளம் வருமாம். அது பழுப்பு வரிகளாகி, வயது ஏற ஏற மங்குமாம். ஜெயந்தியின் கெண்டைக்காலிலும் வெளிறிய கோடுகளைக் காட்டி, தாய்வழியாக வந்திருக்கிறது, இதில் யார் தவறும் இல்லை என்றார். கையில் என்ன கட்டு என்று கேட்டார். பால் கதையை முதலில் சொன்னது ஜெயந்திதான்.

அப்போதாவது அவள் காலில் விழுந்தேனா? இல்லை! பஸ் ஏறியதும், "அப்ப உன்னாலதான வந்துச்சி?" என்றேன். நானெல்லாம் ஒரு மனிதனா?

நிலாவுக்கு இப்போது ஒன்பது வயது. வரிகள் பெரும்பாலும் மங்கிவிட்டன. போன மாதம் தாயின் முன்கைத் தழும்பைத் தடவிக்கொண்டு, "உனக்கும் என்ன மாதிரியேதானம்மா? இதுவும் போயிடுமா?" என்று கேட்டாள்.

"அப்பாவ கேளு" என்றாள் ஜெயந்தி. இத்தனை வருடத்தில் அதைப் பற்றி அவள் வீட்டில் பேசியது அவ்வளவுதான்.

சொல்லியிருக்கலாம்...

"போயிடும் கண்ணு" என்றேன்.

அன்றிலிருந்து தினமும் பள்ளி விட்டு வந்ததும், நிலா அந்தத் தழும்பில் தேங்காய் எண்ணெய் தடவிவிடுகிறாள். கொஞ்சம் மங்கியிருக்கிறதா என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறாள். ஜெயந்தி கையை நீட்டியபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் குனிந்து பார்த்து, மங்கியிருக்கிறது என்று சொல்கிறேன்.