ஜாம் போத்தலில் இருந்த மருந்து

அந்த ஜாம் போத்தலில் ஒட்டியிருந்த கையெழுத்து என்னுடையது. நீல மையில், மேலே தமிழிலும் கீழே சிங்களத்திலும், "கஞ்சா சேர்ந்த லேகியம். காலை, மாலை சுண்டைக்காய் அளவு" என்று எழுதியிருந்தேன். கினிகத்தேனையில் பொலிஸ்காரர் ஒருவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கீழ்வரியை மட்டும் இரண்டு தடவை வாசித்தார்.

மருந்து என் அண்ணியுடையது. முப்பது வருடம் தேயிலைக் கொழுந்தெடுத்தவர். புற்றுநோய் இடுப்பெலும்புக்கு இறங்கிய பிறகு ஆஸ்பத்திரி மாத்திரை எதுவும் வயிற்றில் தங்கவில்லை. வாந்தியும் வலியுமாகத் தோட்டத்து லயத்து அறையில் சுருண்டு கிடந்தார். நாட்டுமருந்து தரும் ஒரு சிங்கள வைத்தியர்தான் இந்த லேகியத்தைக் கொடுத்தார். பதிவுபெற்றவர், நோயாளிக்கு அப்படிக் கொடுக்கச் சட்டத்தில் அவருக்கு இடம் உண்டு. நான்காம் நாள் அண்ணி எழுந்து உட்கார்ந்து ஒரு முழு ரொட்டி தின்றார். நேரத்தோடு டயரியில் குறித்துவைத்தேன்.

வைத்தியர் தந்த தகர டப்பியின் மூடியைத் திறக்க அண்ணியின் கையில் பலமில்லை. அதனால் ஜாம் போத்தலுக்கு மாற்றி, பெயரெழுதி ஒட்டினேன். தோட்ட ஆபீசில் இருபத்தாறு வருடம் இதே வேலை செய்து பழகிய கை. "தம்பி, காலையில பேர் கூப்பிடுற மாதிரி என் மருந்துக்கும் பெரட்டு எடுக்குறீங்களே" என்று அண்ணி சிரித்தார். வைத்தியரின் முத்திரையும் பதிவு எண்ணும் அண்ணியின் பெயரும் டப்பியில் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டில்தான் இருந்தன. டப்பியைக் குப்பையில் போட்டேன்.

சிவனொளிபாத மலைக்கு ஆட்கள் போகும் பருவம் அது; வழியில் போதைப்பொருள் சோதனை நடக்கும். கொழும்பு ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் திரும்பிய பஸ்ஸை நிறுத்தி, பொலிஸ்காரர்கள் மோப்ப நாயுடன் ஏறினார்கள். நாய் அண்ணியின் பையருகே உட்கார்ந்துவிட்டது. "வைத்தியர் கொடுத்த துண்டுச் சீட்டு எங்கே?" என்று பொலிஸ்காரர் கேட்டார். அந்தத் துண்டு இல்லாமல் வைத்திருந்தால் மருந்தும் குற்றப் பொருள்தான். நான் சிங்களத்தில் டப்பியைப் பற்றி விளக்கப் போக, அண்ணி குறுக்கே விழுந்து, "என்னோட மருந்து மாத்தயா. தம்பி பையத் தூக்கிட்டு வந்தாரு, அவ்வளவுதான்" என்றார்.

இறங்கச் சொன்னார்கள். பின்சீட்டில் ஒருவன், "கெழவிக்குக் கஞ்சா கேக்குதா?" என்று சிரித்தான்.

"ஒனக்கும் வேணும்னா இப்பவே கேளுடா, போத்தல் போகப்போகுது" என்றார் அண்ணி, என் தோளைப் பிடித்துப் படியிறங்கிக்கொண்டே.

ஒரு விஷயத்தைச் சரியாக எழுதிவைத்தால் யாருக்கும் கெடுதல் வராது என்று அதுவரை நம்பியிருந்தேன்.

அண்ணிக்குப் பிணை கிடைத்தது. போத்தல் பரிசோதனைக்குப் போனது. வைத்தியர் தன் பதிவேட்டோடு பொலிஸ் நிலையத்துக்கு வந்தார். "நீங்கள் கொடுத்ததுதான் இந்தப் போத்தலில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?" என்று கேட்டார்கள். அறிக்கை வரும்வரை புதிதாக மருந்து கொடுக்க அவர் பயந்தார். பதிவு போனால் அவர் பிழைப்பும் போய்விடும். அவரைக் குறைசொல்ல முடியாது.

மூன்று மாதம் போனது. தினமும் காலையில், "கடுதாசி வந்துச்சா தம்பி?" என்பார் அண்ணி. இல்லை என்றதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்துக்கொள்வார். என் முன்னால் கத்தமாட்டார். நான் வாசல் தாண்டிய பிறகுதான் சத்தம் கேட்கும்.

அண்ணியின் பதினாறாம் நாள் கருமாதிக்குச் சமையல் நடந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. அதே பொலிஸ்காரர். அறிக்கை வந்துவிட்டதாம், வைத்தியர் சொன்னது சரிதானாம். நல்ல மனதோடுதான் பேசினார்.

"இனிப் பயமில்லை. அந்த அம்மாவுக்கு இன்றைக்கே மருந்தை வாங்கிக் கொடுங்கள்" என்றார்.