வீட்டுக்குத் தூரம்

கோம்பையிலிருந்து மலைப்பக்கம் போகிற வண்டிப்பாதையில் அழகுமலையின் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. தோட்டத்து மூலையில் ஒரு மோட்டார் ரூம். ஓட்டுக் கூரை, ஒரே ஒரு ஜன்னல், சுவரோரம் கயிற்றுக் கட்டில். அழகுமலையின் மனைவி பாண்டீஸ்வரி மாதத்தில் மூன்று நாள் அங்கேதான் இருப்பாள். வீட்டுக்குத் தூரமான பெண்ணை அந்த வீட்டில் வாசற்படி ஏறவிடுவதில்லை. அடுப்பு, தண்ணீர்க் குடம், சாமி படம் எதையும் தொடக்கூடாது. சாப்பாடு தூக்குச்சட்டியில் வரும். கதவோரம் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

கல்யாணமாகி வந்த புதிதில் அந்தக் கட்டிலில் குப்புறப் படுத்து அழுதிருக்கிறாள். போடியில் அவள் பிறந்த வீட்டில் இந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. வருஷம் போகப் போக அழுகை அலுத்துவிட்டது. பிள்ளைகள் பிறந்து வளர்ந்தார்கள். மகள் திருப்பூருக்கு வாக்கப்பட்டுப் போனாள், மகன் வேலைக்கென்று சென்னைக்குப் போனான். ஒரு நாள் மோட்டார் ரூமில் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான், "ஏய், தண்ணி கொண்டா" என்று யாரும் தன்னைக் கூப்பிடாத நாள் மாதத்தில் இந்த மூன்று மட்டும்தான் என்று அவளுக்கு உறைத்தது. அதற்குப் பிறகு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்ளக் கொஞ்சம் நடிக்க வேண்டியிருந்தது.

மோட்டார் ஓடுகிற நேரமெல்லாம் பாடுவாள். அந்தப் பழைய மோட்டார் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்கும். அதற்கும் கீழே குரலை இறக்கிப் பாடினால் யாருக்கும் கேட்காது என்பது அவள் நினைப்பு. பக்கத்துத் தோட்டத்து ஏஞ்சலுக்குக் கேட்டிருக்கிறது. ஏஞ்சல் அங்கன்வாடி டீச்சர், பிறந்ததிலிருந்தே வேதக் கோயிலில் கிறிஸ்தவப் பாட்டுப் பாடி வளர்ந்தவள். அவள் வேலியோரம் வந்து நின்றாள்.

"அக்கா, நீங்க பாடுறது ஆல்டோ குரல். எங்க குழுவுல அதுக்குத்தான் ஆள் பத்தல."

"அது என்னத்தா, கெட்டதா?" என்றாள் பாண்டீஸ்வரி.

ஏஞ்சல் சொன்ன குழு உத்தமபாளையத்தில் இருந்தது. ராஜமணி என்கிற ஓய்வு பெற்ற பாட்டு வாத்தியார் நடத்தினார். பாதிப் பேர் வேதக்காரர்கள், மீதி நம்மாட்கள். விதைக்கடைக்காரர், கூட்டுறவு வங்கி கேஷியர், பஸ் கண்டக்டர் என்று கலந்து கட்டின கூட்டம். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை கல்யாண மண்டபத்தில் கச்சேரி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒத்திகை. அந்த நேரத்தில் அழகுமலை உண்ட மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருப்பார் என்பதால் பாண்டீஸ்வரியால் போய்வர முடிந்தது.

ஆல்டோ என்றால் இரண்டாம் குரல். முதல் குரல்காரர்கள் மெட்டைப் பாடிக்கொண்டு மேலே போவார்கள், இவள் கீழே நின்று தாங்க வேண்டும். "ஆல்டோ தனியாக் கேக்கக் கூடாதும்மா," என்பார் ராஜமணி. "தனியாக் கேட்டுச்சுன்னா நீங்க தப்பாப் பாடுறீங்கன்னு அர்த்தம். ஆனா நீங்க நிறுத்திட்டா பாட்டுக்கு இடுப்பு ஒடிஞ்சு போகும்." ஒரு நாள் அவள் சுருதி இறங்கிப் பாடினாள். என்னம்மா ஆச்சு என்று கேட்டார். "மோட்டார் கூடச் சேந்துதான் படிச்சேன் சார். இந்த வாரம் கரண்ட் கம்மியா வந்துச்சு," என்றாள். குழுவே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, உள்ளதைத்தான் சொன்னாள்.

வீட்டில் பாத்திரம் கழுவும்போது அந்த இரண்டாம் குரலை மட்டும் முணுமுணுத்தால் அது எந்தப் பாட்டு மாதிரியும் இருக்காது. "இதென்ன, அழுகுறியா பாடுறியா?" என்பார் அழகுமலை. கேலிதான், கோபமில்லை.

அழகுமலை கெட்டவர் இல்லை. பாட்டுக்குப் போகக்கூடாது என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம், நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்டிருக்கலாம். அவர் "போயிட்டு வா" என்றுதான் சொல்வார். பின்னாலேயே ஒரு "ஆனா" வரும். முதல் வருஷக் கச்சேரியன்று அவர் பங்காளி வீட்டில் காதுகுத்து. அடுத்த வருஷம் அதே நாளில் திராட்சைக்கு மருந்தடிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள், அத்தனை பேருக்கும் சமைக்க வேண்டும். இரண்டு வருஷம் ஒத்திகைக்குப் போயும் மேடை ஏறியதில்லை. இந்த வருஷம் ராஜமணி சார் தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் முடியலைன்னா சொல்லிருங்கம்மா. வேற ஆளைப் பழக்கிக்கிறேன்." அதைக் கேட்டு வந்த ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்கிடையில் இன்னொன்று நடந்திருந்தது, யாருக்கும் தெரியாது. சித்திரையோடு அவளுக்கு நின்றுவிட்டது.

சொல்லலாம் என்றுதான் இருந்தாள். அதற்குள் அழகுமலையின் அக்கா பஞ்சம்மாள் பேச்சுவாக்கில் ஒரு வார்த்தை சொன்னாள். புருஷன் இறந்த பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள் அவள். பாண்டீஸ்வரி தூரமாகிற மூன்று நாளும் சமையல் அவள் தலையில்தான் விழும். "ஒனக்கும் நின்னுருச்சுன்னா நல்லதாப் போச்சு. மாசம் முச்சூடும் அடுப்பங்கரை ஒன் கையில. எனக்கு முட்டி தாங்கல ஆத்தா." அந்த மாதமும் பாண்டீஸ்வரி துணிப்பையை எடுத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் போனாள். அடுத்த மாதமும் போனாள். கடையில் நாப்கின் பாக்கெட் வாங்கி, பிரிக்காமலே மோட்டார் ரூம் பரணில் அடுக்கினாள். ஐம்பதைத் தொடப்போகிற பொம்பளை செய்கிற வேலையா இது என்று தன்னையே ஏசிக்கொள்வாள். ஏசிக்கொண்டே அடுத்த பாக்கெட் வாங்குவாள்.

கார்த்திகை பிறந்ததும் அழகுமலை சபரிமலைக்கு மாலை போட்டார். வீடே மாறிப்போனது. அதட்டல் இல்லை, வசவு இல்லை. பெண்டாட்டியை "அம்மா" என்றார். இவள் அவரைச் "சாமி" என்றாள். தெருப் பெண்களெல்லாம் உனக்கென்ன, வருஷம் பூராவும் மாலை போட்டுவிடு என்று கேலி பேசினார்கள். அவளுக்கு மட்டும்தான் தெரியும், புருஷனோடு சண்டை போட்டு ஜெயிக்கலாம், சாமியோடு அது நடக்காது.

"வர்ற சனிக்கிழமை நம்ம வீட்டுல பூஜை. கர்ணன் குருசாமி நாள் குறிச்சுட்டாக. சாமிமாரு நெறைய வருவாக, அன்னதானம் போடணும்," என்றார்.

"சனிக்கிழமை எனக்குப் பாட்டு இருக்கு சாமி. இந்தத் தடவை விட்டா வேற ஆள் போட்டுருவாக."

"போயிட்டு வாம்மா. யாரு வேணாம்னா? ஆனா சாமிமாரு சாப்பிட்டு எந்திரிக்கட்டும்."

அவர்கள் சாப்பிட்டு எழுவதற்குள் மண்டபத்தில் நாற்காலியை மடக்கி வைத்துவிடுவார்கள். அது அவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. சரி சாமி என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவைத் தாழ்போட்டு அழ ஓர் அறைகூட அந்த வீட்டில் அவளுக்கென்று இல்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க வேலை செய்தாள். கடலை ஊறப்போட்டாள், தேங்காய் உரித்தாள், பாத்திரங்களைப் புளிபோட்டு விளக்கினாள். சனிக்கிழமை விடிந்ததும் பஞ்சம்மாளிடம் போய் நின்றாள். சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. வாய் சொல்லிவிட்டது.

"மதினி, நான் தூரம்."

பஞ்சம்மாள் ஏற இறங்கப் பார்த்தாள். "இப்பத்தானே போயிட்டு வந்த?"

"இந்த வயசுல முன்னப்பின்ன வருது மதினி."

"நல்ல நாள் பாத்து வருது," என்றாள் பஞ்சம்மாள். கண்ணை எடுக்கவில்லை.

தான் மோட்டார் ரூமுக்குப் போய்விட்டால் மதினி சமைப்பாள், பூஜை அது பாட்டுக்கு நடக்கும் என்பது பாண்டீஸ்வரியின் கணக்கு. அது பொய்த்தது. விடியற்காலை வரை அடுப்பங்கரையில் புழங்கியவள் தூரமாகிவிட்ட வீட்டில் எப்படிப் பூஜை வைப்பது? குருசாமிக்குப் போன் போனது. என் வீட்டில் வைத்துக்கொள்ளலாம், சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றாராம். விளக்கின பாத்திரமும் ஊறின கடலையும் குட்டியானை வண்டியில் ஏறிப் போவதைத் தோட்டத்திலிருந்து பார்த்தாள். அவளுக்கு நெஞ்சு கூசியது. ஐயப்பனிடம் மன்னிப்புக் கேட்டாள். கேட்டுவிட்டு, பரணில் ஒளித்து வைத்திருந்த வெள்ளைச் சேலையை எடுத்து உதறினாள்.

சாயங்காலம் ஏஞ்சல் ஸ்கூட்டியில் வந்து அழைத்துப் போனாள். மண்டபம் நிரம்பியிருந்தது. ராஜமணி சார் அவளைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேடையில் நடு வரிசையில் நடு இடம் அவளுக்கு. முன்னால் முதல் குரல் பெண்கள், பின்னால் ஆண்கள்.

முதல் பாட்டு நன்றாக முடிந்தது. கைதட்டல் அடங்கினபோது பின்பக்க ஜன்னல் வழியாகச் சரணகோஷம் கேட்டது.

"கர்ணன் குருசாமி வீடு எங்கன இருக்கு?" என்று பக்கத்தில் நின்ற ஏஞ்சலிடம் மெல்லக் கேட்டாள்.

"பின்தெருவுலதான் அக்கா. குருசாமியும் நம்ம சாரும் சேக்காளிக. அங்க பூஜை வச்சா, பந்திக்கு முந்தி சுண்டல் எடுத்துக்கிட்டு இங்கன வந்துருவாக."

பாண்டீஸ்வரி இறங்கிப் போகலாம் என்றால் எந்தப் பக்கமும் வழி இல்லை. முன்னாலும் பின்னாலும் தோளோடு தோள் உரசி ஆட்கள். அடுத்தடுத்த பாட்டுகளை வாசலைப் பார்த்துக்கொண்டே பாடினாள்.

கடைசிப் பாட்டு ராஜமணி சாரே கட்டினது. மலையடிவாரத்தில் மாட்டுக் கொட்டிலில் பிள்ளை பிறந்த ராத்திரியைப் பற்றியது. அது தொடங்கும்போது கறுப்பு வேட்டிகள் வாசலில் வந்து நின்றன. குருசாமிக்குப் பின்னால் அழகுமலை. அவர் மேடையை ஒரு கோடியிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். அவள் முகத்தில் வந்து பார்வை நின்றது. சட்டென்று ஓர் அடி பின்வாங்கினார். மாலை போட்டவர் கண்ணில் தூரமான பெண் படக்கூடாது, கால் தானாகச் செய்த காரியம் அது.

பாட்டின் நடுவில் ஓரிடம் வரும். முதல் குரல் மேலே ஏறி அலையும். இரண்டாம் குரல் ஒரே சுரத்தில் அசையாமல் நிற்க வேண்டும். பாண்டீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். மோட்டார் ரூமை நினைத்தாள். அந்த இரைச்சலைக் காதுக்குள் கொண்டுவந்து அதன்மேல் குரலை வைத்தாள். எவர் என்ன நினைத்தாலும் சரி, இந்த ஓர் இடத்தைப் பாடிவிட்டு இறங்குகிறேன் என்றிருந்தது. குரல் நடுங்கவில்லை. பாட்டு முடிந்தபோது ராஜமணி சார் இவள் பக்கம் மட்டும் பார்த்துத் தலையசைத்தார்.

வெளியே கேக்கும் சுண்டலும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். குட்டியானை பக்கத்தில் அழகுமலை தனியாக நின்று கையசைத்தார். அவள் போய் சாக்கடைக்கு இந்தப் புறமே நின்றுகொண்டாள்.

"தூரமா இருக்கையில இப்படி வரலாமா?"

"இங்கன அதெல்லாம் பாக்க மாட்டாக சாமி."

"குருசாமியும் அதத்தான் சொன்னாக. போகட்டும், நான் போயி ஒரு தடவை குளிச்சுக்கிறேன்." குரலில் கோபமே இல்லை. "எல்லாரும் நல்லாப் பாடுனாக. ஒன் குரலைக் கேக்கணும்னு காதைக் கூராக்கிக்கிட்டு நின்னேன். ஒன்னுது மட்டும் கேக்கவே இல்ல."

அப்படியென்றால் சரியாகப் பாடியிருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. இத்தனை வருஷத்தில் அவர் இவளுக்கென்று காது கொடுத்தது இன்றைக்குத்தான்.

சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சித்திரையிலேயே நின்றுவிட்டது, உங்கள் பூஜையை நான்தான் பொய் சொல்லிக் கெடுத்தேன் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. "சாமி…" என்று ஆரம்பித்தாள்.

"இரு, நான் ஒன்னு சொல்றேன்," என்றார் அழகுமலை. முகம் மலர்ந்திருந்தது. "இன்னைக்குப் பூஜையில நிக்கும்போது ஒன்னையத்தான் நெனச்சேன். பாவம், எத்தனை வருசமா அந்த மோட்டார் ரூம்புல கிடக்குற. அடுத்த கார்த்திகைக்கு ஒனக்கு அம்பது முடிஞ்சுரும். குருசாமிகிட்டயும் சொல்லிட்டேன், ஒனக்கும் மாலை போட்டு மலைக்குக் கூட்டிட்டுப் போறேன். அந்த ரூம்பை உரம் அடுக்கி வச்சுக்கலாம். அதுக்குள்ள ஒனக்கும் நின்னுரும், அப்புறம் தூரமே கிடையாது. வருசம் பூரா வீட்டுக்குள்ளேயே இருக்கலாம்."

அவர் மனதார அவளுக்கு ஒரு நல்லது செய்கிறார். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

இலையில் மடித்த சுண்டலைத் தரையில் வைத்துவிட்டு அவர் விலகி நின்றார். அவள் குனிந்து எடுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை அவள் ஊறப்போட்ட கடலை.

"என்னமோ சொல்ல வந்தியே?"

"ஒன்னுமில்ல சாமி," என்றாள்.

ஏஞ்சல் ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு வந்தாள். "எங்கன விடட்டும் அக்கா, வீட்டுலயா?"

"மோட்டார் ரூம்புல விடு. இன்னும் ரெண்டு நாள் இருக்கு."