பூட்ஸ் போட்ட ஆட்டக்காரர்

அப்போது எங்கள் பகுதி ஆலை அணியில் எல்லோரும் வெறுங்காலில்தான் பந்தாடுவார்கள். ஒரு ஞாயிறு ஓர் ஆட்டக்காரர் மட்டும் பூட்ஸ் போட்டு வந்து இரண்டு முறை பந்தைக் கோட்டைவிட்டார். எங்கள் ஆட்களே, "தொரை வந்துட்டாரு டோய்!" என்று ஊளையிட்டார்கள். நானும் ஊளையிட்டேன்.

மாலை ஐந்தே முக்கால் வண்டியில் திருவொற்றியூருக்குத் திரும்பும்போது அவர் எனக்கு எதிரே இருந்தார். ஒட்ட வெட்டிய முடி, நீண்ட கழுத்து. பூட்ஸ் கயிற்றை அவிழ்ப்பதும் மறுபடி கட்டுவதுமாகத் தனியே உட்கார்ந்திருந்தார்.

"இந்த பூட்ஸ் எதுக்குப்பா?" என்றேன்.

"கட்டைவெரலு ஒடஞ்சிகீது சார். கால்ல கட்டு போட்டுகீறதைப் பாத்தா டீமை வுட்டுத் தூக்கிடுவாங்க. டீம்ல இல்லேன்னா ஆலையில வேலையும் இல்ல. யாராண்டயும் சொல்லிடாதீங்க."

"எல்லாரும் கூவறாங்களே?"

"கூவட்டும் சார். பூட்ஸைத்தானே பாக்கறாங்க."

அடுத்த ஞாயிறும் பூட்ஸோடுதான் இறங்கினார். என் பக்கத்தில் நின்ற நண்பர், "இன்னா நைனா, நீ மட்டும் சும்மா கீறே? அவனுக்கு இன்னான்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். சொல்ல வழியில்லாமல் நானும் கூவினேன். அப்போது ஆட்டக்காரர் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். என்னை அடையாளம் கண்டாரா, கண்டிருந்தால் நான் கூவிய காரணம் அவருக்குப் புரிந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.