அண்ணன் திருப்பித் தராத டிவி

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் மற்றவர்கள் அவருடைய பொறுமையைப் பற்றி எழுதியிருப்பார்கள். அவரோடு வாழ எங்களுக்கு எவ்வளவு பொறுமை வேண்டியிருந்தது என்பதைத் தங்கையாகிய நான்தான் சொல்ல வேண்டும்.

சேத்தூரில் பிறந்து, ஐ.டி.ஐ. படித்து, ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரீஷியனாக ஓய்வுபெறும்வரை உழைத்தார். ஆலையில் எந்த இயந்திரம் நின்றாலும் அண்ணன் கை வைத்தால் ஓடும். வீட்டில் அவர் கழற்றிய மிக்ஸி மட்டும் கழற்றியபடியே கிடக்கும். அவர் மனைவி, என் மதினி, பல மாதம் அம்மியில் அரைத்தே சமைத்தார்.

என் கல்யாணச் சீரில் ஒரு கறுப்பு வெள்ளை போர்ட்டபிள் டிவி உண்டு. அப்பா தம் கையால் தூக்கி வந்து மாப்பிள்ளை வீட்டில் வைத்தது. கல்யாணத்துக்கு முன் சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டி வர அண்ணனை அனுப்பினால், டிவியையும் சேர்த்துக் கொண்டுபோய் அதன் பின்மூடியில் என் பெயரை வெட்டச் சொல்லிவிட்டார். பித்தளையில் பழகிய உளி பிளாஸ்டிக்கில் இறங்கியதும், முதல் எழுத்திலிருந்தே விரிசல் ஓடியது. "பொறவு ஒட்டித் தாரேம்மா" என்றார். ஒட்டவே இல்லை.

பல வருஷம் கழித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டுப் பரணில் பழுதாகிக் கிடந்த அந்த டிவியை, "ரிப்பேர் பண்ணி ஒரு வாரத்துல தாரேன்" என்று பைக்கில் கட்டி எடுத்துப் போனார். ஆறு மாதம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. போய்ப் பார்த்தால், உள்ளே இருந்ததெல்லாம் செய்தித்தாளில் பரத்திக் கிடந்தது. படம் காட்டும் பாகங்களை மட்டும் வைத்துக்கொண்டு, கைக்குள் அடங்கும் ஒரு சின்னக் கம்ப்யூட்டரை உள்ளே பொருத்தி, வீடியோ கேம் பெட்டியாக மாற்றுகிறாராம்.

"யாரு வெளையாட?" என்றேன்.

"நீதான்" என்றார், தலை நிமிராமல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா கொடுத்ததில் மிச்சம் அது ஒன்றுதான். "அப்பா எனக்குக் குடுத்தது டிவி. அது டிவியா திரும்பி வார வரைக்கும் உங்க வீட்டு வாசல மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அதன்பின் வாரம் தவறாமல் போன் வந்தது. "சேனல் மாத்துத திருகுலயே வண்டி ஓட்டலாம்மா." "சவுண்டு வந்துருச்சு." "முடிஞ்ச மாதிரிதான். ஏட்டி, செத்த நேரம் வந்துட்டுப் போயேன்." அந்த 'முடிஞ்ச மாதிரிதான்' எத்தனை வருஷமாக நான் கேட்டது! அரை மணி நேர பஸ் பயணம்தான். நான் போகவில்லை. ஐந்தாம் மாதம் ஒரு காலையில், காபி குடித்த கையோடு நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மதினி பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். பின்மூடி விரிசலை அண்ணன் ஒட்டியிருந்தார். சுவிட்சைப் போட்டதும் திரையில் ஒரு பஸ். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண் பையோடு ஏறுகிறாள். திருகைத் திருப்பித் திருப்பி, மாடு, ஆட்டோ, வேகத்தடை எல்லாம் தாண்டி ராஜபாளையம் வரை ஓட்டினேன். அண்ணன் வீடு வருகிறது. வாசலில் ஒருவர் நிற்கிறார். பஸ் நிற்காமல் போகிறது. மறுபடி ஓட்டினேன். மறுபடியும் நிற்கவில்லை.

"இதையும் அரைகுறையாத்தான் விட்டுட்டுப் போயிருக்காவ!" என்று கத்தினேன்.

"அந்த ஸ்டாப்ப மட்டும் நீங்க வந்த பொறவு, உங்கள பக்கத்துல வச்சுக்கிட்டுப் போடணும்னு அவிய விட்டு வச்சிருந்தாவ" என்றார் மதினி.

எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. பாதி அவர் மேல், மீதி என் மேல்.

அன்று காலை ஓடி வந்த பக்கத்து வீட்டாருக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய உறவினருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. அந்த ஸ்டாப்பைப் போட்டுத் தருகிறோம் என்று அண்ணனின் ஆலை நண்பர்கள் சொன்னார்கள். அவர்கள் அன்புக்கும் நன்றி. ஆனால் யாரும் அதில் கை வைக்க வேண்டாம். அது அண்ணனும் நானும் சேர்ந்து உட்கார்ந்து முடித்திருக்க வேண்டிய வேலை.