ஆடாமல் நின்ற தண்ணீர்

பேரூர் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. சட்டையெல்லாம் கரி. பேன்ட் பாக்கெட்டில் இன்னும் சூடு ஆறாத ஒரு இரும்புப் பின் — விரல் நீளம்தான் இருக்கும்.

அந்தப் பின் என்னுடையது இல்லை. அதற்காகத்தான் போன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் எடுக்கவில்லை.

நான் வேலையை விட்ட கதைகள் இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் ரயிலை நிறுத்திவிட்டு வேலையை விட்டது இதுதான் முதல் தடவை.

ரயில் என்றால்... பொம்மை ரயில். பொம்மை என்று சொன்னால் ரங்கராஜ் சாருக்குக் கோபம் வரும். மில் நடத்திய குடும்பம். வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே நம் கோவைத் தமிழ். பேரூர் தாண்டி அவருடைய தென்னந்தோப்பில் சுற்றி வரத் தண்டவாளம் போட்டு, ஒரு நீராவி இன்ஜின் வைத்திருக்கிறார். கட்டில் நீளம். ஆனால் உள்ளே நிஜ நிலக்கரி, நிஜ நெருப்பு, நிஜ நீராவி. பின்னால் நாலு டிராலி கோத்தால் எட்டுப் பேரை இழுக்கும். நாலு மாதமாக அதைத் துடைப்பதும், எண்ணெய் விடுவதும், கரி போட்டு ஆவி ஏற்றுவதும் என் வேலை. திருப்பூர் சாயப் பட்டறை பாய்லரில் கை வெந்து கற்றது இப்படியும் சோறு போடுகிறதே என்று இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய மணிவிழா. திருப்பூரிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். தாத்தா ஓட்ட, பேரப்பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்து ஒரு சுற்று வருவதாக ஏற்பாடு. பிள்ளைகள் ஏறியாயிற்று. பிரஷர் ஏறியாயிற்று. ரங்கராஜ் சார் தொப்பியெல்லாம் போட்டுத் தயார்.

கடைசியாக நான் கண்ணாடிக் குழாயைப் பார்த்தேன். பாய்லருக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டும் குழாய் அது. பாதிக்கு மேல் காட்டியது. பிரமாதம்.

ஆனால், ஆடவில்லை.

உள்ளே தண்ணீர் கொதிக்கும்போது குழாயில் இருக்கும் தண்ணீர் மேலும் கீழும் துள்ளிக்கொண்டே இருக்கும். இது போட்டோ மாதிரி நின்றது. அடியில் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து குழாயைக் காலி செய்து மூடினேன். மூடியதும் தண்ணீர் சட்டென்று ஏற வேண்டும். இது தூக்கத்தில் எழுந்து வருவதுபோல மெதுவாக வந்தது.

பாய்லரிலிருந்து குழாய்க்கு வரும் வழி அடைத்திருக்கிறது. அப்படியென்றால் குழாய் காட்டுவது பொய். உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது? யாருக்கும் தெரியாது. தண்ணீர் குறைந்து நெருப்புக்கு மேலே இருக்கும் செம்புத் தகடு வெறுமையாகிவிட்டால் தகடு இளகும். இளகினால் அத்தனை ஆவியும் ஒரே நேரத்தில் வெளியே வரும். டிராலியில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தது ஐந்து வயதுப் பேரன்.

இந்த நேரத்தில் பதறிப்போய்த் தண்ணீரை உள்ளே அடிக்கக் கூடாது; காய்ந்த தகட்டில் பட்டால் அத்தனையும் ஒரேயடியாக ஆவியாகி வெடிக்கும். முதலில் நெருப்பு. கரி எரியும் இரும்புச் சட்டத்தைத் தாங்கி நிற்கும் பின்னை உருவினேன். கரிச்சட்டம் அப்படியே கீழே விழுந்தது. மொத்த நெருப்பும் தண்டவாளத்தின் நடுவே.

"பசங்களத் தூக்கிட்டுத் தள்ளிப் போங்க" என்றேன்.

சம்பந்தி சிரித்தார். "மணிவிழா மாப்பிள்ளைக்கா, வண்டிக்குங்களா? வண்டி ரிட்டயர் ஆயிருச்சாட்ட இருக்குதே."

எல்லோரும் சிரித்தார்கள். ரங்கராஜ் சார் மட்டும் சிரிக்கவில்லை. "என்னங்க பண்ணிப்போட்டீங்க?"

"கண்ணாடி பொய் சொல்லுதுங்க."

"பாதிக்கு மேல காட்டுதில்லீங்க? நீங்க எத்தனாவது வரைக்கும் படிச்சீங்க?"

"ஏழாவதுங்க."

"அப்ப எட்டாவது படிச்ச ஆளாப் பாத்துக் கூட்டிக்கறனுங்க. நீங்க கெளம்புங்க."

எங்கள் பக்கம் வேலையை விட்டு அனுப்பும்போதும் 'ங்க' போட்டுத்தான் அனுப்புவார்கள். கிளம்பினேன். பின்னையும் எடுத்துக்கொண்டு.

ஏன்? பின் இல்லாமல் கரிச்சட்டம் நிற்காது. சட்டம் நிற்காமல் நெருப்பு போட முடியாது. திருட்டுதான். தெரிந்தே செய்தேன்.

பஸ் நிறுத்தம் வந்ததும் போனை எடுத்தேன்.

"பின்னு எங்கீங்க?" — ரங்கராஜ் சார்.

"எங்கிட்டத்தாங்க."

"நான் ஒரு ஆணியப் போட்டு ஓட்டிக்குவேன். தெரியுமில்ல?"

தெரியும். ஆணி போதும். "ஆறட்டுங்க. அப்புறம் மேல இருக்கற மூடியக் கழட்டி, டார்ச் அடிச்சு உள்ள பாருங்க. பாத்துட்டு ஓட்டுங்க" என்றேன். வைத்துவிட்டார்.

பார்ப்பாரா? சம்பந்தி முன்னால் சிறுத்துப்போன மனிதர் டார்ச்சைத் தேடுவாரா, ஆணியைத் தேடுவாரா?

மறுபடி போன். இந்த முறை அந்த வீட்டில் சமைக்கும் மரகதம் அக்கா. குரல் அடங்கியிருந்தது.

"ஏனுங் தம்பி... அந்த வண்டிக்குத் தண்ணி மாத்தி ஊத்துனா ஏதாச்சும் ஆகுமுங்களா?"

"என்ன தண்ணி?"

"போர் தண்ணிதானுங்க. நீங்க ட்ரம்முல சிறுவாணித் தண்ணி பிடிச்சு வெப்பீங்க. அது வாரதே வாரத்துக்கு ஒருக்கா. அதப் போயி ஒரு வண்டிக்கு ஊத்த எனக்கு மனசு வருங்களா? சமையலுக்கு எடுத்துக்கிட்டு, போர் தண்ணிய ரொப்பி வெச்சுப்போட்டேன்."

"எத்தன நாளா?"

"நீங்க வந்த நாள்லருந்துங்க."

நாலு மாதம். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் கொதித்துக் கொதித்து, சுண்ணாம்பு படிந்து, குழாயின் வழியை அடைத்திருக்கிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோயமுத்தூர்க்காரர்கள் சோறு போடுவார்கள், தங்க இடம் கொடுப்பார்கள். இனிக்கிற சிறுவாணிக் குடிதண்ணீரை இன்ஜினுக்குக் கொடுப்பார்கள் என்று நம்பியது யார்? நான். நாலு மாதத்தில் ஒரு நாள் அந்த ட்ரம்மிலிருந்து ஒரு கை அள்ளிக் குடித்திருந்தால் நாக்கே சொல்லியிருக்கும். கண்ணாடியை மட்டும் பார்த்தேன். அது என் தப்பு.

"சார்கிட்ட இத இப்பவே சொல்லீருங்கக்கா."

"சொன்னா வேல போயிருமுங்க."

"என் வேல போயிருச்சு. பரவால்ல. அவர் ஆணியத் தேடிட்டிருக்கார். பசங்களத் திரும்ப ஏத்துனா?"

 போன் கட்டாகிவிட்டது.

போத்தனூர் ஸ்டேஷன் பெஞ்சு எனக்குப் பழகிய படுக்கை. அங்கேதான் படுத்தேன். நன்றாகவே தூங்கினேன் என்று சொன்னால் நம்புவீர்களா?

காலையில் ரங்கராஜ் சார் கூப்பிட்டார்.

"மரகதம் சொல்லுச்சுங்க. அப்பறம் தொறந்து பாத்தேன். உள்ள வெள்ளையடிச்ச சுவராட்ட இருக்குது. தண்ணி அந்தத் தகட்டுக்குக் கீழ கெடக்குதுங்க." நிறுத்தினார். "பேரன முன்னால உக்கார வெச்சிருந்தனுங்க..."

பையைத் தோளில் மாட்டினேன்.

"வாரீங்களா?"

"வாரனுங்க. இன்ஜின அப்புறம் பாத்துக்கலாம். மரகதக்காவ என்ன பண்ணுனீங்க?"

"அது இட்லி ஊத்திட்டு இருக்குதுங்க. வேற ஆர ஊத்தச் சொல்றது?"

அப்படியாக, அன்று காலை நான் சேர்ந்த வேலைக்கும் ரயிலுக்கும் நேரடிச் சம்பந்தமில்லை. பி.வி.சி. பைப்பை நெடுக்காகப் பிளந்து, அந்த வீட்டு ஓட்டு விளிம்பில் கட்டி, மழைத் தண்ணீரை ஒரு தனி டேங்குக்கு இறக்குவது. மழைத் தண்ணீரில் உப்பு இல்லை. பாய்லருக்கு அதைவிட நல்லது கிடையாது. முக்கியமாக, அதை யாரிடமும் கேட்டு வாங்க வேண்டியதில்லை.

ஏணி மேல் நின்று கம்பி முறுக்கிக்கொண்டிருந்தேன். கீழே மரகதம் அக்கா வந்து அண்ணாந்து பார்த்தார்.

"ஏனுங் தம்பி, மழத் தண்ணில பருப்பு பஞ்சாட்ட வேகுமாமா. ஒரு பைப்ப அப்புடியே சமையக்கட்டுப் பக்கம் திருப்பி உடுங்களே."

திருப்பவில்லை. டேங்குக்கு ஒரு பூட்டு வாங்கி வரச் சொன்னேன்.